பைண்டிங் மேசையில் சிவப்பு வட்ட டைமரும் காதுமூடியும்

ஓட்டிசமோ ஏடிஎச்டியோ (கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்தக் கஷ்டப்படும் நிலை) உள்ள பிள்ளையை வேலைக்குப் பழக்க என்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தாய்மார், பயிற்சி ஆசிரியர்கள், ஒன்றிரண்டு கடை முதலாளிமாரும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதிலும் பார்க்க எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு அச்சகத்தின் பைண்டிங் பகுதி என் பொறுப்பு. கலியாணக் காட், திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட மலர் எல்லாம் வரும். ஆனால் வருடம் முழுக்க எங்கள் மேசையை விட்டு இறங்காத வேலை கல்வெட்டுத்தான்; 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குச் செத்தவீட்டுக்காரர் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அந்த மேசைக்குப் பயிலுனராக வந்து, இன்று முழுச் சம்பளத்துக்கு வேலை செய்கிற தம்பி ஒருவர் எங்களிடம் இருக்கிறார். ஓட்டிசம் உள்ளவர். அவர் வேலை பழகிய காலத்தில் இரண்டு சாமான்கள் வாங்கினோம். ஒன்று, நேரம் குறைவதைக் கண்ணுக்குக் காட்டும் டைமர். மற்றது, தொழிற்சாலைகளில் போடும் காதுமூடி. இரண்டையும் தினமும் பாவிக்கிறவர் அவர் என்றபடியால் அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை.

டைமர் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய சதுரப் பெட்டி. முகத்தில் 0 முதல் 60 வரை எண்கள். நடுவிலுள்ள குமிழைத் திருகினால் சிவப்பு நிறம் விரியும். 20இல் விட்டால் 20 நிமிடத்துக்குரிய சிவப்புத் துண்டு தெரியும். அது தானாகவே சுருங்கிக்கொண்டு போய் 0இல் இல்லாமல் போகும். ஒரு பட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடும். மணி வாசிக்கவோ கழித்துப் பார்க்கவோ தேவையில்லை. நிமிர்ந்து பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று விளங்கும்.

இந்த மாதிரியை 1994இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜான் றொஜர்ஸ் என்ற தாய் கண்டுபிடித்தார். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று ஓயாமல் கேட்ட தன் சின்ன மகளுக்காகச் செய்தது. ‘டைம் டைமர்’ என்ற பெயரில் அது இன்றும் விற்பனைக்கு வருகிறது. எங்களிடம் இருப்பது அது இல்லை. அதே மாதிரியில் வந்த, பெட்டியில் பெயரே இல்லாத மலிவுச் சாமான். இரண்டு ரீம் ஏ4 பேப்பர் வாங்கும் காசுக்குக் கிட்ட வந்தது.

அது ஏன் தேவைப்பட்டது என்று சொன்னால்தான் இந்த மதிப்பீட்டுக்கு அர்த்தம் இருக்கும். எங்கள் பக்கத்து வேலைத்தலங்களில் நேரம் சொல்கிற விதத்தை யோசித்துப் பாருங்கள். “கொஞ்சத்தால வாறன், அதுக்கிடையில உதை முடிச்சு வையும்.” “ஒரு அஞ்சு நிமிசம் பொறும்.” “பின்னேரம் பாப்பம்.” முதலாளி ஐயா இப்படிச் சொன்னால் பழைய ஆட்கள் அவருடைய முகத்தையும், வாசலில் நிற்கிற வாடிக்கையாளரையும், அவர் மோட்டார் சைக்கிள் சாவியைத் தூக்கினாரா இல்லையா என்பதையும் சேர்த்துப் பார்த்து நேரத்தைப் பிடித்துவிடுவார்கள். தம்பி சொல்லை மட்டும்தான் எடுப்பார். மடித்துக்கொண்டிருந்த தாளை அப்படியே வைத்துவிட்டு வந்து, “அக்கா, கொஞ்சத்தால எண்டா எத்தினை மணி?” என்று கேட்பார். அவர் வாய்காட்டுகிறார் என்று எடுத்தவர்கள் இருந்தார்கள். அந்த அச்சகத்தில் அதுவரை யாரும் கேட்காமல் விட்ட, கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்பதுதான் என் எண்ணம். எப்போது முடியும், அடுத்தது என்ன என்று தெரியாமல் காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரு மேசையில் நிற்பது எவருக்கும் களைப்பு. மற்றவர்கள் ஊகித்துச் சமாளிக்கிறோம். ஊகிப்பது கஷ்டமான ஒருவருக்கு மனம் அந்தக் கேள்வியிலேயே நிற்கும், கை வேலையில் நிற்காது.

டைமர் வந்த பிறகு நான் சொல்வது மாறியது. “தம்பி, உந்தக் கட்டு மடிக்க அரை மணித்தியாலம் இருக்கு. சிவப்பு முடிஞ்சால் ரீ.” அவரே திருகி வைப்பார். மேசையின் இடது மூலையில், பசைப் போத்தலுக்குப் பக்கத்தில், தன்னை நோக்கியபடி. மடிக்கும்போது அதை அடிக்கடி பார்க்க மாட்டார். ஒரு கட்டு முடிந்து, தாள்களை நிமிர்த்தி மேசையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரம் சேர்க்கிற நேரம் ஒரு பார்வை. சிவப்பு மெல்லிய கீற்றாக வந்துவிட்டால் புதுக் கட்டைத் தொட மாட்டார். மடித்த பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி அடுக்கிவிட்டுக் கையைத் துடைப்பார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நேரம் தெரிந்ததும் வேலையை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவரே திட்டம் போடத் தொடங்கிவிட்டார்.

இதைவிடப் பெரிய உதவி வேலை மாறும்போது கிடைத்தது. அச்சகத்தில் எந்த நேரமும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் வரும். வந்தால் மற்ற எல்லாம் நிற்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் சுவரில் ஒட்ட வேண்டும். “விட்டுட்டு இதைப் பாரும்” என்று திடீரென்று சொன்னால் தம்பி அப்படியே உறைந்து போவார். கையில் தாள் இருக்கும், கீழே வைக்கவும் மாட்டார், மடிக்கவும் மாட்டார். இப்போது அப்படியான அவசரத்திலும் டைமரை 5இல் திருப்பி, “அஞ்சு நிமிசத்தால வேலை மாறுது, நோட்டீஸ் வெட்டுறது” என்று காட்டுவோம். அந்த 5 நிமிடத்தில் அவர் இருக்கிற வேலையை ஒரு இடத்தில் கட்டி வைத்துவிட்டு வருவார். எவ்வளவு தலைபோகிற அவசரமாக இருந்தாலும் 5 நிமிடம் கொடுக்க முடியாத வேலை அச்சகத்தில் ஒன்றும் இல்லை.

ஆனால் டைமரோடு ஒரு அட்டையும் சேர வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பலன்தான். 1972இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷொப்ளர் தொடங்கிய ‘டீச்’ திட்டம் ஓட்டிசம் உள்ளவர்களுக்கு வேலை பழக்கும்போது நான்கு கேள்விகளுக்குக் கண்ணால் காணக்கூடிய பதில் வைக்கச் சொல்கிறது. என்ன வேலை? எவ்வளவு? முடிந்தது என்று எப்படித் தெரியும்? அடுத்தது என்ன? டைமர் இந்த நான்கில் ஒன்றிரண்டைத்தான் தொடுகிறது. மிச்சத்துக்குக் கல்வெட்டு கட்டும் ஒவ்வொரு படியையும் ஃபோனில் படம் எடுத்து, அச்சடித்து, லமினேட் பண்ணி மேசைக்கு மேலே தொங்கவிட்டோம். 32 பக்கக் கல்வெட்டு என்றால் எட்டுத் தாள், மேலே ஒரு அட்டை. நடுத்தாளை விரித்தால் 16ஆம் பக்கமும் 17ஆம் பக்கமும் எதிரெதிரே இருக்க வேண்டும். கம்பி இரண்டு, இரண்டும் மடிப்புக் கோட்டில். பிறகு மூன்று ஓரமும் வெட்டு. 25 புத்தகம் ஒரு கட்டு, 12 கட்டு சேர்ந்தால் 300, வேலை முடிந்தது. “வடிவாச் செய்யும்” என்று சொன்னால் யாருக்கு என்ன விளங்கும்? 16, 17 எதிரெதிரே என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் விளங்கும். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இப்போது புதிதாக வருகிற எந்தப் பிள்ளையும் பழகுகிறது, ஓட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

டைமரின் குறைகளுக்கு வருகிறேன். முடியும்போது பீப் பீப் என்று கத்தும். எங்களுடையதில் அதை நிறுத்தப் பின்பக்கம் ஒரு சின்ன ஆளி இருக்கிறது. எல்லா மலிவுப் பெட்டியிலும் அது இருப்பதில்லை. தம்பி முதல் நாளே சொன்னது: “உந்தச் சத்தம் வேண்டாம் அக்கா. சிவப்பு முடிஞ்சால் எனக்குத் தெரியும்தானே.” இந்த மதிப்பீட்டில் கட்டாயம் எழுதச் சொன்னதும் இதைத்தான். நிமிடக் கணக்கு துல்லியம் இல்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு நிமிடம் முன்பின்னாகப் போகும். பசை உலரும் நேரம் போன்ற விடயங்களுக்கு அதை நம்ப வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காட்டாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

எல்லாருக்கும் பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். டிசைன் பகுதியில் இருக்கிற தங்கச்சிக்கு வளர்ந்த பிறகுதான் ஏடிஎச்டி என்று டொக்டர் சொன்னார். ஏடிஎச்டி பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் றசல் பார்க்லி திரும்பத் திரும்பச் சொல்வது, இவர்களுக்கு நேரம் ஓடுவதை உள்ளுக்குள் உணர்வது கஷ்டம், ஆகவே நேரத்தை வெளியே, கண்ணுக்குத் தெரியும் பொருளாக வையுங்கள் என்பது. அதை நம்பித் தங்கச்சியின் கணினிக்கு முன்னால் ஒரு டைமரை வைத்தோம். சிவப்பு சுருங்கச் சுருங்க நெஞ்சு அடிக்கிறது, வேலை ஓடவில்லை என்றார். இப்போது அதை முகம் திருப்பி வைத்திருக்கிறார். தொடங்க மனம் வராத வேலைக்கு மட்டும், பிழை திருத்தத்துக்கு, “பத்து நிமிசம் மட்டும் பாப்பம்” என்று திருகிக்கொண்டு தொடங்குவார். தொடங்கிவிட்டால் அது தேவையில்லை. ஒரே சாமான், ஒரே கட்டிடம், இரண்டு பேருக்கு இரண்டு விதம். ஆகவே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகாமல், எப்படி இருக்கிறது என்று கிழமைக்கு ஒருதடவை கேளுங்கள்.

இன்னுமொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டைமரை அந்தப் பிள்ளையின் வேகத்தை அளக்கப் பாவிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் டைமரைத் தன் கையில் வைத்துக்கொண்டு, “நேற்று இருபது நிமிசம், இண்டைக்கு ஏன் இருபத்தைஞ்சு?” என்று கேட்கத் தொடங்கினார். அந்தப் பிள்ளை கொஞ்ச நாளில் வேலையை விட்டு நின்றுவிட்டது. குமிழைத் திருகும் கை வேலை செய்கிறவருடையதாக இருக்க வேண்டும். அது முதலாளியின் கைக்குப் போனால் பிரம்பு.

காதுமூடிக்கு வருவோம். ஓஃப்செட் மெஷின் ஓடுகிற சத்தம் ஒரு பக்கம், கட்டிங் மெஷின் அழுத்தி வெட்டுகிற ‘தொம்’ ஒரு பக்கம். எங்களுக்குப் பழகிப்போனது. தம்பிக்கு ஒவ்வொரு ‘தொம்’முக்கும் தோள் ஏறி இறங்கும். இணையத்தில் ஓட்டிசம் உள்ளவர்களுக்கானது என்று படம் போட்டு விற்கிற காதுமூடிக்குக் கூடக் காசு கேட்கிறார்கள். நாங்கள் வாங்கியது ஹாட்வெயார் கடையில், கிறைண்டர் பிடிக்கிறவர்கள் போடுவது. வேலைக்கு அதுவே போதும். பெட்டியில் எஸ்என்ஆர் என்று ஒரு எண் போட்டிருக்கும். 25 என்றால் ஏறத்தாழ 25 டெசிபல் குறைக்கும் என்ற கணக்கு. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் கேட்கும். ஆகவே மிகக் கூடிய எண்ணைத் தேடி ஓட வேண்டியதில்லை. தலையை இறுக்காதது முக்கியம். இறுக்கம் தாங்காமல் கழற்றி வைக்கிற காதுமூடியால் என்ன பயன்?

எங்கள் வெயிலுக்கு இது கஷ்டமான சாமான்தான். சித்திரையில் காதைச் சுற்றி வியர்த்து ஊறும். மென்மையான பருத்தித் துணியில் உறை தைத்து, மத்தியானம் மாற்றிக்கொள்கிறார். நாள் முழுக்கப் போட வேண்டாம், மெஷின் ஓடுகிற நேரம் போதும். எந்நேரமும் அமைதியிலேயே இருந்தால் காது இன்னும் கூச்சப்படும் என்று காது மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். போட்டிருக்கும்போது பின்னால் நின்று கூப்பிட்டால் கேட்காது, ஆகவே அவருடைய மேசைக்கு முன்பக்கமாகத்தான் போக வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறோம். தோளில் தட்டுவது அவருக்குப் பிடிக்காது. மேசை விளிம்பில் கை வைத்தால் நிமிர்ந்து பார்ப்பார்.

தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எங்கள் மெஷின் அண்ணையும் காதுமூடி போடத் தொடங்கியதும் அந்தப் பார்வை நின்றுவிட்டது. 8 மணித்தியாலத்துக்குச் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் நின்றால் எவருடைய காதும் பழுதாகலாம். அண்ணை எப்போதோ போட்டிருக்க வேண்டியது அது. சத்தத்தைக் காதுமூடி பார்த்துக்கொள்ளும், மை நாற்றத்தையும் மண்ணெண்ணெய் நாற்றத்தையும் அது ஒன்றும் செய்யாது. அதற்கு மேசையை யன்னல் பக்கம் நகர்த்தினோம். அந்தக் காசில்லாத மாற்றம்தான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் என்று தம்பி சொல்கிறார்.

சின்சினாட்டி என்று மேலே சொன்னேன். அதே நகரத்தின் சிறுவர் மருத்துவமனையில் 1996இல் எறின் றீல் என்ற தாதியர் அதிகாரி ஒரு வேலை தொடங்கினார். அவசர சிகிச்சைப் பிரிவில் மருந்துச் சாமான்களை அடுக்கி நிரப்புகிற வேலைக்கு ஆட்கள் நிலைத்து நிற்கவில்லை. அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களை அந்த இடத்திலேயே வைத்துப் பழக்கினார். ‘புரொஜெக்ட் சேர்ச்’ என்ற பெயரில் இன்று பல நாடுகளில் நடக்கிறது: பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தை உண்மையான வேலைத்தலத்தில் கழிப்பது, பக்கத்தில் நின்று பழக்க ஒருவர் இருப்பது. எங்கள் பக்கம் இன்னும் முதலில் ஒரு நிலையத்தில் மெழுகுதிரி செய்யப் பழகட்டும், பிறகு வேலையைப் பார்ப்போம் என்றுதான் யோசிக்கிறோம். மெழுகுதிரி பழகிய கை கல்வெட்டு மடிக்க வரும்போது திரும்ப முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும். இடம், சத்தம், ஆட்கள் எல்லாம் வேறு. வேலை நடக்கப்போகிற மேசையில்தான் பழக்க வேண்டும்.

அதற்கு வழி எங்கள் நாட்டிலும் இருக்கிறது. நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பயிலுனர் முறையே வேலைத்தலத்தில் வைத்துப் பழக்குவதுதான். பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் வேலையை மட்டும் வடிவாகத் தெரிந்தவருக்கு, செய்து காட்டி என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கும் வழியும் உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐநா சாசனம் வேலைத்தலத்தில் நியாயமான வசதி செய்து கொடுக்கச் சொல்கிறது. யன்னல் பக்கத்து மேசையும் ஒரு டைமரும் அந்த நியாயமான வசதிக்குள் அடங்கும். முதலாளியிடம் கேட்கும்போது தயங்காமல் கேளுங்கள்.

“அவருக்கு என்ன விசேட திறமை இருக்கு? கணக்கா, ஞாபக சக்தியா?” என்று வாடிக்கையாளர்கள் என்னைக் கேட்பதுண்டு. 17ஆம் பக்கம் தலைகீழாக வந்தால் அவர் கண்ணில் படும், உண்மைதான். இந்த மேசையில் பழகிய எல்லார் கண்ணிலும் அது படும். அவர் ஒரு நல்ல பைண்டிங் வேலைக்காரர். வேலை கிடைக்க அது போதும். அதற்கு மேல் ஒரு அதிசயம் காட்டினால்தான் இடம் தருவோம் என்பது நியாயமில்லை.

காசு இல்லாதவர்கள் டைமருக்காகக் காத்திருக்க வேண்டாம். சுவர் மணிக்கூட்டின் கண்ணாடியில், பெரிய முள் இப்போது நிற்கிற இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய இடம் வரை வெள்ளைப் பலகைக்கு எழுதுகிற சிவப்பு மார்க்கரால் நிறம் தீட்டி விடுங்கள். முள் சிவப்பைத் தாண்டினால் நேரம் முடிந்தது. துணியால் துடைத்துவிட்டு அடுத்ததுக்குத் தீட்டலாம். டைமர் வந்து சேரும் வரை நாங்கள் அப்படித்தான் செய்தோம். கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

கடையில் வாங்குகிறீர்கள் என்றால் பட்டரி போட்டு ஓடவிட்டுக் காதருகில் வைத்துப் பாருங்கள். சில பெட்டிகள் மணிக்கூடு போல டிக் டிக் என்று அடிக்கும். நமக்கு அது ஒன்றுமில்லை. சத்தத்துக்குக் கூசுகிற பிள்ளைக்கு அது நாள் முழுக்கக் குத்தும். பின்பக்கம் பீப் நிறுத்தும் ஆளி இருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போங்கள்.